சுவரை யாரிடமோ விட்டுவிட்டோம்

நவராத்திரிக்கு வேளிமலைக் குமாரசுவாமி வெள்ளிக் குதிரையில் ஆரியசாலை அம்மன் கோயிலுக்கு எழுந்தருளும்போது, எந்த முனையில் என்ன தோரணம், எந்த நிற விளக்கு என்று நாங்கள் வாதாடித் தீர்ப்போம். கிள்ளிப்பாலம், கரமனைப் பக்கம் முளைத்த அடுக்குமாடிகளுக்கு என்ன நிறம், என்ன தகடு என்று மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சாலைக் கம்போளத்தில் தலைமுறையாகக் கடை வைத்திருப்பவர்கள், ஃப்ளாட் வாங்கியவர்கள் என்று திருவனந்தபுரத்துத் தமிழர் எல்லோரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அசோசியேஷன் கூட்டத்தில் லிஃப்டுக்கும் கார் பார்க்கிங்குக்கும் இரவு பத்து மணிவரை சண்டை போடுவோம். 'எலிவேஷன்' என்றதும் ஷேடு கார்டு ஒரு சுற்று வரும். யாராவது கருஞ்சாம்பலில் விரல் வைப்பார். துபாயில் பார்த்த நிறம் என்பதே அதற்குப் போதுமான சிபாரிசு. ஜூன் மாதத்தில் துபாயில் மழை பெய்யாது என்பது யாருக்கும் உறைக்காது.

இங்கோ மழை இரண்டு தடவை வரும்: ஜூனில் தென்மேற்குப் பருவம், அக்டோபரில் வடகிழக்கு. பழைய வீடுகளில் ஓட்டுக்கூரையின் இறவாரம் சுவரைத் தாண்டி நீண்டு தண்ணீரைத் தள்ளிவிட்டது. சுவருக்குச் சுண்ணாம்பு போதுமாக இருந்தது. நாங்கள் இறவாரத்தை விட்டோம். பிறகு 'லுக்' கெடுகிறது என்று சன்ஷேடையும் குறுக்கினோம். கூரை செய்துவந்த வேலையைப் பெயிண்ட் டப்பாவிடம் ஒப்படைத்தோம். மொட்டைச் சுவரில் பாசி கறுத்து வழிந்ததும் பெயிண்ட்காரரைத் திட்டினோம். அடுத்த முறை கறை தெரியக் கூடாது என்று இன்னும் அடர்த்தியான நிறத்தைத் தேடினோம். அந்த நிறம் மேற்கு வெயிலையெல்லாம் உறிஞ்ச, உள்ளே ஏசியைக் கூட்டிவைத்தோம்.

தம்பானூரில் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸில் எத்தனை வருஷமாகக் காபி குடிக்கிறோம்! சுழன்று ஏறும் செங்கல் சுவர், அதிலுள்ள ஓட்டைகள் வழியே காற்றும் வெளிச்சமும். பதினைந்து மாடியை அப்படியே எழுப்ப முடியாது, ஒத்துக்கொள்கிறேன். வெயிலையும் மழையையும் நினைத்துச் சுவரைத் திட்டமிட மாடிக்கணக்கு என்ன தடை?

இதைவிடப் பெரிய அலட்சியம் தகட்டில். ஓட்டுக்கூரைக் கடைகளின் முகப்பை ஏசிபி ஷீட்டால் மூடினோம். மாடி ஜன்னல்களும் அதற்குள் போயின. இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பல ஷீட்டுகளில் இருப்பது பாலிஎத்திலீன், அதாவது எரியும் பிளாஸ்டிக். லண்டனில் 24 மாடி கிரென்ஃபெல் டவருக்கு முதலில் துத்தநாகத் தகடுதான் திட்டத்தில் இருந்தது. சுமார் 3 லட்சம் பவுண்டு மிச்சம் பிடிக்க இந்த வகைக்கு மாறினார்கள். 2017 ஜூன் 14 அன்று ஒரு வீட்டுச் சமையலறையில் பிடித்த தீ வெளிச்சுவர் வழியே மேலேறியது. 72 பேர் இறந்தார்கள். அதை டிவியில் பார்த்து உச்சுக் கொட்டினோம். அதன் பிறகும் ஷீட் கடையில் நாங்கள் கேட்டது சதுர அடி என்ன விலை, மர டிசைன் இருக்கிறதா என்பதுதான்.

எளிதில் தீப்பிடிக்காத கனிமக் கரு வைத்த ஷீட்டும் சந்தையில் உண்டு, விலைதான் கூடுதல். எங்கள் முகப்புகளுக்குள் இருப்பது எது என்று இன்று யாராவது கேட்டால், காசு கொடுத்து மாட்டிய எங்களுக்கே தெரியாது. பில்லைத் தேடி எடுத்தால் நிறத்தின் நம்பர் இருக்கலாம்.