அட்வான்ஸ்டு பட்டனை அழுத்தச் சொல்லாதீங்க

மக்களே, இது கொஞ்சம் டெக்னிக்கல் பதிவு. பொட்டி தட்டாதவங்களும் தைரியமா படிக்கலாம், உங்களுக்கான சமாச்சாரமும் இதுல இருக்கு.

முதல்ல என் கட்சியைச் சொல்லிடறேன். சொந்தமா சர்வர் வெச்சுக்கறது நல்லதுங்கற கட்சி நான். 2020இல் பிளாக்ஸ்பாட்.இன் டொமைன் கூகுள் கையை விட்டுப் போனது ஞாபகம் இருக்கா? பதிவுகள் டாட் காம் முகவரியில பத்திரமாத்தான் இருந்தது. ஆனா நாம ஒருத்தருக்கொருத்தர் வருஷக்கணக்கா கொடுத்து வெச்ச டாட் இன் சுட்டிகள் எல்லாம் செத்துப் போச்சு. வாடகை வீட்டுல கதவு நம்பரை மாத்தினா யாரைப் போய்க் கேட்கிறது? அதனால சொந்த வீடு வேணும். சரி. ஆனா சொந்த வீடுன்னா பூட்டும் நம்ம பொறுப்புதானே?

ஸ்ரீரங்கத்துல ஒரு டியூஷன் சென்டர். பசங்க மார்க், அட்டெண்டன்ஸ், அப்பா அம்மா போன் நம்பர் எல்லாம் வெச்சு ஒரு ஆப் எழுதி, அவங்க பழைய கம்ப்யூட்டர்லயே ஓட விட்டிருக்காங்க. பாராட்ட வேண்டிய விஷயம். ஆனா நோட்டீஸ் போர்டுல எழுதியிருக்கறது என்ன தெரியுமா? "எச்சரிக்கை வந்தால் அட்வான்ஸ்டு அழுத்தி உள்ளே செல்லவும்."

என் கோபம் இந்த ஒரு வரி மேலதான். அந்த எச்சரிக்கை சொல்றது, "எதிர்ல இருக்கறவர் அவர்தானான்னு என்னால உறுதி செய்ய முடியலை" அப்படின்னு. அதைத் தாண்டிப் போகச் சொல்லி நூறு அம்மாக்களுக்குப் பழக்கிட்டோம். நாளைக்கு அவங்க பேங்க் பேர்ல எவனாவது நடுவுல உட்கார்ந்தா இதே மாதிரி திரைதான் வரும். விரல் தானா அட்வான்ஸ்டுக்குப் போகும். டியூஷன் மார்க்கை எவனும் திருடப் போறதில்லைதான். திருடு போகறது அந்த அம்மாவோட சந்தேகப்படற பழக்கம்.

"சான்றிதழ் எடுக்க ட்ரை பண்ணினோம் சார், எர்ரர் வந்துகிட்டே இருக்கு" அப்படின்னாங்க. பெரும்பாலும் எல்லாரும் சொல்றது இதுதான். லெட்ஸ் என்கிரிப்ட் 2015 கடைசியிலிருந்து இலவசமா சான்றிதழ் தருது. காசு இனிமே சாக்கு கிடையாது. எர்ரரைப் படிக்காததுதான் பிரச்சினை.

எங்க ஊர் பாணியில சொல்றேன். ராஜகோபுரத்துல நுழைஞ்சா ஏழு சுற்று தாண்டித்தான் பெருமாள். நம்ம ஆளுங்க தெற்கு வாசலே தாண்டாம கர்ப்பக்கிரகத்துல கோளாறுன்னு முடிவு கட்டி, சான்றிதழை அழிச்சு அழிச்சு திரும்ப எடுப்பாங்க. ஒரு மணி நேரத்துல அஞ்சு தடவை தோத்தா லெட்ஸ் என்கிரிப்டே உட்கார வெச்சுடும். பழகிப் பார்க்க தனியா சோதனை சர்வர் வெச்சிருக்காங்க, அதைப் பயன்படுத்துங்க. அப்புறம் வெளியிலிருந்து ஒவ்வொரு சுற்றா வாங்க.

முதல் சுற்று, டொமைன். பெயர் சரியான ஐபிக்குத்தான் போகுதா? பழைய ஐபிவி6 பதிவு ஏதாவது வேற இடத்தைக் காட்டிகிட்டிருக்கா? இதைப் பார்க்க ஒரு நிமிஷம்.

இரண்டாவது சுற்றுலதான் நம்ம ஊர்ல பாதி பேர் மாட்டறாங்க. ரவுட்டர் பக்கத்துல வெளி ஐபி என்னன்னு பாருங்க. 100.64லிருந்து 100.127க்குள்ள ஆரம்பிச்சா அது உங்களுக்கு மட்டுமான ஐபி இல்லை. அபார்ட்மெண்ட்டுக்கு ஒரே தெருக்கதவு மாதிரி, இணைய நிறுவனம் ஒரு ஐபியைப் பல வீட்டுக்குப் பங்கு போட்டிருக்கு. நீங்க ரவுட்டர்ல 80, 443 போர்ட்டை எத்தனை தடவை திறந்தாலும் வெளி ஆள் வர முடியாது. எங்க வீட்டு இணைப்பும் இதே கதைதான். வழி இருக்கு. சான்றிதழ் மட்டும்னா டிஎன்எஸ்ல ஒரு டெக்ஸ்ட் பதிவு போட்டு நிரூபிக்கலாம், போர்ட்டே தேவையில்லை. ஆட்கள் உள்ளே வரணும்னா ஐபிவி6, இல்லைன்னா மாச வாடகைக்கு ஒரு சின்ன வெளி சர்வர் எடுத்து அங்கிருந்து வீட்டுக்கு வயர்கார்டு சுரங்கம்.

மூணு, நாலு, ரவுட்டரும் ஃபயர்வாலும். ஒரு குறிப்பு போதும். "டைம்ட் அவுட்" வந்தா பெரும்பாலும் பாக்கெட் வழியிலேயே காணாமப் போகுது, ஃபயர்வாலைப் பாருங்க. "ரெஃப்யூஸ்டு" வந்தா பெரும்பாலும் வீட்டு வாசல் வரைக்கும் வந்தாச்சு, உள்ளே யாரும் கதவு திறக்கலை, சர்வர் ஓடுதான்னு பாருங்க.

அஞ்சு, என்ஜின்எக்ஸ். சான்றிதழ்ல வேற பெயர் வருதுன்னா, கேட்ட பெயருக்கு சர்வர் பிளாக் இல்லாம முதல்ல இருக்கற பிளாக் பதில் சொல்லுது.

ஆறு, சான்றிதழ். "கம்ப்யூட்டர்ல திறக்குது, மொபைல் ஆப்ல திறக்கலை"ன்னு யாராவது சொன்னா கண்ணை மூடிகிட்டு ஃபுல்செயின் ஃபைலைப் பாருங்க. உங்க சான்றிதழை மட்டும் கொடுத்துட்டு, அதுக்குக் கையெழுத்துப் போட்ட இடைநிலை சான்றிதழைக் கொடுக்காம விட்டிருப்பீங்க. பிரவுசர் புத்திசாலித்தனமா தானே தேடிக்கும். ஆப் தேடாது.

ஏழு, அப்ளிகேஷன். 502 வந்தா சான்றிதழைத் தொடாதீங்க, பின்னாடி ஆப் படுத்திருச்சு. பக்கம் திரும்பத் திரும்ப தனக்கே ரீடைரக்ட் ஆனா, வெளியே எச்டிடிபிஎஸ்ல வந்தாங்கன்னு ப்ராக்ஸி ஆப்கிட்ட சொல்லலை.

அவ்ளோதான். இதுல ராக்கெட் சயின்ஸ் எதுவும் இல்லை. பொறுமை வேணும்.

பூட்டு போட்டாச்சுன்னா எல்லாம் முடிஞ்சதான்னா, இல்லை. மோசடி தளத்துக்கும் இலவச சான்றிதழ் கிடைக்கும். சான்றிதழ் பெயருக்குத்தான் சாட்சி, நேர்மைக்கு இல்லை. சாட்சி சொல்றவங்களும் சறுக்குவாங்க. 2014 ஜூலையில நம்ம என்ஐசியோட சான்றிதழ் அமைப்பிலிருந்தே கூகுள் டொமைன்களுக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளியானது தெரிய வந்தது. இந்திய அமைப்பின் வேர்ச் சான்றிதழை நம்பின விண்டோஸ் மெஷின்களுக்கு ஆபத்து, தனிப் பட்டியல் வெச்சிருந்த ஃபயர்ஃபாக்ஸ் தப்பிச்சது. கண்டுபிடிச்சு, ரத்து பண்ணி, அடைச்சாங்க. "பாத்தீங்களா, எல்லாம் வேஸ்ட்"னு சிலர் கிளம்புவாங்க. நான் உல்டாவா பார்க்கிறேன். யாரோ விடாம சந்தேகப்பட்டதாலதான் அது பிடிபட்டது.

இன்னொண்ணு. சான்றிதழ் எடுத்ததும் உங்க தளத்தோட பெயர் உலகம் பார்க்கற பொதுப் பதிவேட்டுல ஏறிடும். "யாருக்கும் முகவரி தெரியாது"ங்கறது கனவு. கொஞ்ச நேரத்துலயே பாட்கள் வந்து கதவைத் தட்டும். அட்மின் பக்கத்தை முதல் பாஸ்வேர்டோட திறந்து போட்டுட்டு சான்றிதழ் எடுக்காதீங்க.

புதுப்பிக்கறதையும் ஞாபக சக்தியை நம்பி விடாதீங்க. காலாவதி ஆகப்போகுதுன்னு மெயில் அனுப்பறதை லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூன்ல நிறுத்திட்டாங்க. பொதுச் சான்றிதழ்களோட அதிகபட்ச ஆயுளும் 2025 ஏப்ரல்ல எடுத்த முடிவுப்படி குறையுது. 398 நாளா இருந்தது 2026 மார்ச் 15லிருந்து 200, 2027 மார்ச் 15லிருந்து 100, 2029 மார்ச் 15லிருந்து 47 நாள். கையால புதுப்பிக்கறவன் ஒருநாள் கல்யாணத்துக்குப் போயிருப்பான், சான்றிதழ் செத்திருக்கும், உடனே நோட்டீஸ் போர்டுல அந்த வரி வந்துடும். தானா புதுப்பிக்கறதை முதல் நாளே அமைச்சு, ஒரு தடவை ஒத்திகையும் பாருங்க.

இதெல்லாம் செய்ய நேரமில்லையா? தப்பே இல்லை. அப்ப அந்த ஆப்பை வெளி உலகத்துக்குத் திறக்காம வீட்டுக்குள்ளேயே வெச்சுக்கோங்க. இல்லைன்னா வாடகைக்கே போங்க. ரெண்டுமே கௌரவமான வழிதான். மத்தவங்க வீட்டு அம்மாவுக்கு எச்சரிக்கையை மிதிச்சுட்டுப் போகக் கத்துக் கொடுக்கறது மட்டும் வேண்டாம்.

டிஸ்கி: டியூஷன் சென்டர்ல அந்த நோட்டீஸை எடுத்துட்டாங்க. ஃபுல்செயின்தான் காரணமான்னு கேட்காதீங்க, ரெண்டாவது சுற்றுலயே நின்னிருந்தாங்க :-) மாற்றுக் கருத்து இருந்தா பின்னூட்டத்துல கும்முங்க.