காற்று செய்ததா, கை செய்ததா?

சென்ற சனிக்கிழமை சிராங்கூன் ரோட்டில் பூ வாங்கப் போனோம். ஊதா ஆர்க்கிட் மாலையைப் பார்த்ததும் மகள் கேட்டாள்: “அப்பா, நம்ம தேசிய மலர் கலப்பினமாமே. தானாகவே உண்டானதா?”

பதில் சொல்ல எனக்கு ஒரு மரம் தேவைப்பட்டது.

பிரிட்டனில் வேலிக்கு வளர்க்கும் லேலண்ட் சைப்ரஸ் ஓர் ஊசியிலை மரம். அதன் பெற்றோர் இரண்டுக்கும் சொந்த ஊர் அமெரிக்காவின் மேற்குக் கரை. ஒன்று கலிஃபோர்னியாவின் மான்டரே சைப்ரஸ். மற்றொன்று வடக்கே அலாஸ்கா வரை பரவிய நூட்கா சைப்ரஸ். காட்டில் இவை சந்திப்பதில்லை. வேல்ஸில் லெய்ட்டன் ஹால் தோட்டத்தில் இரண்டையும் நட்டிருந்தார்கள். ஊசியிலை மரங்களுக்கு வண்டு வேண்டாம், காற்றே போதும். 1888இல் நூட்காவின் விதைகளிலிருந்து புதுக் கன்றுகள் கிடைத்தன. யாரும் திட்டமிடவில்லை.

நம் மலரின் கதை வேறு. வாண்டா ஹூக்கரியானா, வாண்டா டெரஸ் இரண்டையும் மிஸ் ஜோகிம் இணைத்து வெற்றி கண்டார் என்று 1893இல் எழுதியவர், பூமலையின் இயக்குநர் ஹென்றி ரிட்லி. ஆர்க்கிட் மகரந்தம் தூளாகப் பறக்காது. சிறு கட்டியாக ஒட்டியிருக்கும். அதை எடுத்துச் செல்லப் பூச்சி வேண்டும், அல்லது மனிதக் கை வேண்டும்.

பின்னாளில் சிலர், “வண்டு செய்த வேலை, அவர் தோட்டத்தில் கண்டெடுத்தார், அவ்வளவுதான்” என்றார்கள். 1981இல் அந்தப் பூ தேசிய மலரானது. ஆனால் அதை உருவாக்கியவர் ஆக்னஸ் ஜோகிம்தான் என்று தேசிய மரபுடைமைக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் ஏற்றுக்கொண்டது 2016இல்தான்.

வகைப்பாடு மாறிக்கொண்டே இருக்கும். நூட்கா சைப்ரஸைப் பல பேரினங்களுக்கு மாற்றிவிட்டார்கள். நம் மலரும் இன்று வாண்டா அல்ல, பாப்பிலியோனாந்தே. அதில் எனக்கு வருத்தமில்லை. ஒரு பெண்ணின் உழைப்பைத் தற்செயல் என்று எழுதுவதுதான் உறுத்துகிறது. அலுவலகத்திலும் வீட்டிலும் அப்படி எத்தனை பேருடைய வேலை ‘தானாக நடந்தது’ ஆகிவிடுகிறது!

ஹில் ஸ்ட்ரீட் ஆர்மீனிய தேவாலயத் தோட்டத்தில் ஆக்னஸின் கல்லறைக் கல் இருக்கிறது. அடுத்த வாரம் போகலாம் என்றேன்.

மகள் தலையாட்டிவிட்டு, மாலை கட்டிக்கொண்டிருந்தவரிடம் திரும்பினாள். “அக்கா, உங்க பேரென்ன?”