ஒரே எழுத்து, வேறு மன்னிப்பு: சீனாவும் ஜப்பானும்

2025 நவம்பரில் ஜப்பானியப் பிரதமர் சனே தகாய்ச்சி தாய்வான் பற்றி நாடாளுமன்றத்தில் சொன்ன ஒரு பதில் போதுமாக இருந்தது. ஜப்பானுக்குப் பயணம் போகவேண்டாம் என்று சீனா தன் மக்களுக்கு அறிவித்தது. 80 ஆண்டுகளுக்கு முன்னர் முடிந்த போர் மறுபடியும் பேசுபொருளானது. எமது ஊடகங்கள் இதை இராணுவக் கணக்காகவே எழுதின. எனக்கு அது மன்னிப்புப் பற்றிய பழைய வழக்காகவும் தெரிகிறது.

இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பண்பாடுதானே என்று பலர் கேட்பார்கள். எழுத்து சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போனது. பௌத்தமும் கன்பூசியஸின் போதனையும் அந்த வழியாகவே போயின. ஆனால் ஒரே எழுத்து ஒரே பொருளைத் தருவதில்லை. 1972 செப்டெம்பரில் உறவைப் புதுப்பிக்க பெய்ஜிங் சென்ற பிரதமர் தனகா, விருந்தில் போரைக் குறிப்பிட்டபோது 'மெய்வாகு' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். சீனத்தில் அது ஏறத்தாழ 'உங்களுக்குப் பெரிய கரைச்சல் தந்துவிட்டோம்' என்று மொழிபெயர்க்கப்பட்டது. ஒரு பெண்ணின் பாவாடையில் தண்ணீர் தெறித்தால் சொல்கிற வார்த்தை இது என்று சீனத் தரப்பு கொதித்தது. ஜப்பானிய மொழியில் அது ஆழமான வருத்தத்தையும் குறிக்கும் என்று தனகா விளக்கினார். சில நாட்களில் வெளியான கூட்டறிக்கையில் ஜப்பான் தன் பொறுப்பை ஏற்றது, சீனா போர் இழப்பீட்டைக் கைவிட்டது. குடும்பங்களை இழந்த சீனர்களிடம் அதற்கு ஒருவரும் சம்மதம் கேட்கவில்லை.

இறந்தவர்களை நினைவுகூர்வதிலும் இதே நெருக்கமும் இதே தூரமும் உண்டு. சீனர்கள் ஏப்ரலில் சிங்மிங் நாளில் கல்லறைகளைத் துப்புரவாக்கிப் படைக்கிறார்கள். ஜப்பானியர்கள் ஓகஸ்ட் நடுவில் ஓபோன் நாட்களில் முன்னோரை வீட்டுக்கு அழைக்கிறார்கள். ஆனால் குற்றவாளி இறந்தால் என்ன? இறந்தபின் எல்லோரும் 'ஹொதொகே', அதாவது புத்தர், என்பது ஜப்பானில் பரவலான நம்பிக்கை. சீனாவின் ஹாங்சோ நகரிலோ, தளபதி யூயே ஃபெய்யைக் காட்டிக்கொடுத்ததாகக் கருதப்படும் அமைச்சர் சின் ஹுய், கைகள் பின்னால் கட்டப்பட்ட இரும்புச் சிலையாகத் தளபதியின் சமாதி முன் முழந்தாளிட்டிருக்கிறார். அது 12ஆம் நூற்றாண்டுச் சம்பவம். பார்க்க வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அதன்மேல் துப்பியிருக்கிறார்கள்.

ரோக்கியோவின் யசுகுனி ஆலயத்தில் சுமார் 24 இலட்சத்து 66 ஆயிரம் போரில் இறந்தோர் தெய்வமாக்கப்பட்டுள்ளனர். 1978இல் முதல்தரப் போர்க்குற்றவாளிகள் 14 பேரும் அங்கே சத்தமில்லாமல் சேர்க்கப்பட்டார்கள். சீனக் கண்ணுக்கு அது சின் ஹுய்யை எழுப்பிச் சிம்மாசனத்தில் இருத்தியதுபோல.

இங்கே பண்பாட்டு விளக்கத்தை நான் நிறுத்திக்கொள்கிறேன். 1975க்குப் பிறகு ஜப்பானியப் பேரரசர் எவரும் யசுகுனிக்குப் போகவில்லை. 1995 ஓகஸ்ட் 15இல் பிரதமர் முராயாமா 'ஒவாபி' என்று தெளிவாகவே மன்னிப்புக் கேட்டார். ஆகவே சொல் அந்த மொழியில் எப்போதும் இருந்தது. 1972இல் அதை எடுக்காமல் விட்டது அரசியல். எங்கள் பண்பாடு வேறு, எங்கள் வழக்கம் வேறு என்று பொறுப்புக்கூறலைத் தள்ளிவைக்கும் குரல் எமக்கும் பழக்கமானதுதான். சீன அரசும் இதில் சுத்தமில்லை. நான்ஜிங்கில் கொல்லப்பட்டவர்களுக்கு டிசம்பர் 13 அரச நினைவுநாள். 1989இல் தியனன்மென்னில் பிள்ளைகளை இழந்த தாய்மாரோ, சிங்மிங் நாளில்கூடப் பொலிஸ் கண்காணிப்பில்தான் கல்லறைக்குப் போகவேண்டியிருந்தது.

1951 செப்டெம்பரில் சான் பிரான்சிஸ்கோ சமாதான மாநாட்டில், வெறுப்பு வெறுப்பால் தணியாது என்ற புத்தரின் போதனையைச் சொல்லி ஜப்பானிடம் இழப்பீடு வேண்டாம் என்றவர் இலங்கையின் அன்றைய நிதியமைச்சர் ஜே.ஆர். ஜெயவர்த்தன. அதிகம் இழந்த சீனா அந்த மாநாட்டுக்கு அழைக்கப்படவேயில்லை. அவரது உரையை நினைவுகூரும் கல் இன்றும் கமகுராவின் பெரிய புத்தர் சிலையருகே நிற்கிறது. 1983 ஜூலையில் இந்த நாட்டின் ஜனாதிபதியாக இருந்தவரும் அவர்தான் என்பது அந்தக் கல்லில் இல்லை.