"சவத்த விடு மக்கா"ன்னு விட்டுடாதீங்க!



"எங்ககிட்ட கார் ஏது, பஸ் பாஸ்தான் இருக்கு"ன்னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. லைசென்ஸ் எடுத்த ஜோர்ல அப்பாவோட காரை ஓட்டுறவங்க, ஃப்ரெண்டோட பைக்கை "அஞ்சு நிமிஷத்துல வந்துர்றேன்டே"ன்னு வாங்கிட்டுப் போறவங்க... எல்லாருக்குமான மேட்டர் இது.

எங்க தெருவுல ஒரு தம்பி. நாகர்கோவில் பையன், ஃபைனல் இயர் மெக்கானிக்கல். அம்மாவைத் தக்கலையில சித்தி வீட்டுல இறக்கி விட்டுட்டு, அப்பாவோட பழைய மாருதி 800-ல திரும்பி வந்துட்டிருக்கான். வில்லுக்குறி தாண்டி, சுங்கான்கடை பக்கம் முன்னால போன பஸ் நிக்குது. தம்பியும் பிரேக் போடுறான். பின்னால வந்த மஞ்சள் போர்டு வேன் நிக்கல. டமார்! டிக்கி உள்ளே போயிடுச்சு. பம்பர் தொங்குது. நல்ல காலம், யாருக்கும் அடியில்லை.

வேன் டிரைவர் இறங்கி வந்தார். "தம்பி, ஸ்டேஷனுக்குப் போனா ரெண்டு பேருக்கும் கரைச்சல்தான். இந்தா, ரெண்டாயிரம் ரூவா. பத்தலைன்னா ஃபோன் பண்ணு." டீக்கடையில நின்ன பெரியவரும் சமாதானத் தூதரா வந்துட்டார். "ஆளுக்கு ஒண்ணும் ஆகல்லேல்லா? சவத்த விடு மக்கா!"

தம்பியும் விட்டுட்டான். ஆனா கிளம்புறதுக்கு முன்னால உருப்படியா ஒண்ணு செஞ்சான். வாட்ஸ்அப்ல ஃப்ரெண்ட்ஸுக்கு அனுப்பலாமேன்னு ரெண்டு வண்டியும் ஒட்டிக்கிட்டு நிக்கிறதை, நம்பர் பிளேட் தெரியற மாதிரி நாலு போட்டோ எடுத்தான்.

மறுநாள் வொர்க்ஷாப். டிக்கி டோர் தேறாது, பம்பரும் டெயில் லைட்டும் மாத்தணும், டிங்கரிங், பெயிண்டிங் எல்லாம் சேர்த்து 28,400 ரூபாய்னு எஸ்டிமேட். வேன்காரருக்கு ஃபோன் பண்ணினா, 'ஸ்விட்ச்டு ஆஃப்'! எம்-பரிவாகன் ஆப்ல வண்டி நம்பரைத் தட்டிப் பார்த்தா, அந்த வேனுக்கு இன்ஷூரன்ஸ் முடிஞ்சு 14 மாசம் ஆச்சு. அப்பாவும் பழைய வண்டிதானேன்னு தேர்ட் பார்ட்டி மட்டும்தான் போட்டிருந்தார். வீட்டுல இருந்தது தம்பியோட செமஸ்டர் ஃபீஸுக்கு எடுத்து வச்ச காசு.

"லேய், ரெண்டாயிரத்தை வாங்கிட்டு வந்து நிக்கான் பாரு!" அப்பாவோட கச்சேரி அன்னைக்கு ராத்திரி பத்து மணி வரைக்கும் நடந்துச்சு.

இன்ஷூரன்ஸ் இல்லைன்னா கதை முடிஞ்சதா?

நம்மில் பல பேர் நினைக்கிறது இதுதான்: "அவன்கிட்ட இன்ஷூரன்ஸ் இல்லை, அப்ப காசு வராது." இது தப்பு. இன்ஷூரன்ஸ் கம்பெனி என்பது, வண்டி ஓனர் கொடுக்க வேண்டிய பணத்தை அவருக்காகக் கொடுக்கிற ஆள். அந்த ஆள் இல்லைன்னா கடன் மறைஞ்சு போகாது. நேரா ஓனர் தலையில வந்து உட்காரும்.

1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தோட 146-வது பிரிவுப்படி, தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் இல்லாம எந்த வண்டியும் பொது ரோட்டுல ஓடக்கூடாது. மீறினா 196-வது பிரிவு: முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம் அல்லது 3 மாசம் வரை ஜெயில், அல்லது ரெண்டும். அடுத்த தடவை அபராதம் 4,000. ஆனா இந்த அபராதம் அரசாங்கத்துக்குப் போற காசு. நம்ம டிக்கிக்கு வராது. நம்ம காசை நாமதான் கேட்டு வாங்கணும்.

முதல் ஒரு மணி நேரம்

கேஸ் ஜெயிக்கிறதும் தோக்கிறதும் பெரும்பாலும் ரோட்டோரத்திலேயே முடிவாயிடுது. அதனால...

வண்டியை நகர்த்துறதுக்கு முன்னால போட்டோ. ரெண்டு நம்பர் பிளேட், இடிபட்ட இடம், டயர் தடம், பக்கத்துல இருக்கிற கடை போர்டு, எல்லாம் வரணும். டிரைவரோட லைசென்ஸ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ் மூணையும் கேட்டுப் படம் எடுங்க. பார்த்தவங்க ரெண்டு பேர் ஃபோன் நம்பர் வாங்குங்க. பக்கத்துக் கடையில கேமரா இருந்தா, பதிவை அழிக்காம வைக்கச் சொல்லுங்க.

அடுத்து ஸ்டேஷன். எழுத்துல புகார் கொடுங்க. எஃப்.ஐ.ஆர். போட்டா அதோட நகல், இல்லைன்னா சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காம வெளியே வராதீங்க. ஆபத்தா வண்டி ஓட்டினதுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவுல 281-வது பிரிவு இருக்கு (பழைய ஐ.பி.சி.-யில 279). புகார்ல "இன்ஷூரன்ஸ் காட்டவில்லை"ங்கிற வரியைக் கண்டிப்பா எழுதுங்க.

ஏன்னா, 2018-ல உஷாதேவி வழக்குல உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான உத்தரவு போட்டுச்சு. விபத்துல சிக்கின இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியை, ஓனர் போதுமான ஜாமீன் கட்டாம விடக்கூடாது. கட்டலைன்னா மூணு மாசம் கழிச்சு ஏலம் விட்டு, அந்தப் பணத்தைத் தீர்ப்பாயத்துல போடணும். டெல்லியில ஏற்கெனவே இருந்த இந்த விதியை எல்லா மாநிலங்களும் கொண்டு வரணும்னு சொல்லிச்சு. வண்டி ஸ்டேஷன்ல நிக்குதுன்னா, ஓனர் ஃபோன் தானா ஸ்விட்ச் ஆன் ஆகும்!

உங்க பாலிசி என்ன ரகம்?

உங்க காருக்குக் காம்ப்ரிஹென்சிவ் பாலிசி, அதாவது சொந்த வண்டி சேதத்துக்கும் சேர்த்துப் போட்டது இருந்தா, உங்க கம்பெனியிலேயே க்ளெய்ம் பண்ணலாம். அவங்க உங்களுக்குக் கொடுத்துட்டு, மோதினவர்கிட்ட வசூலிச்சுக்கலாம். ஆனா முழுக் காசும் கைக்கு வராது. பழைய வண்டியில பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்குப் பாதி கழிப்பாங்க. 1500 சி.சி. வரைக்கும் உள்ள காருக்கு 1,000 ரூபாய் நம்ம பங்கு. அதுபோக, க்ளெய்ம் இல்லாம இருந்ததுக்குக் கிடைக்கிற 'நோ க்ளெய்ம் போனஸ்' போயிடும். அது முதல் வருஷம் 20 சதவீதத்துல ஆரம்பிச்சு, அஞ்சு வருஷத்துல 50 வரைக்கும் ஏறுற சலுகை. உங்க கம்பெனி கொடுக்காத மிச்சத்தை மோதின வண்டி ஓனர்கிட்ட கேட்கலாம். ஒரே செலவை ரெண்டு இடத்துல வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

நம்ம தம்பி வீட்டு மாதிரி வெறும் தேர்ட் பார்ட்டியா? அது நீங்க மத்தவங்களுக்குச் செய்யற சேதத்துக்கு. உங்க டிக்கிக்குப் பத்துப் பைசா வராது. அப்ப வழி ஒண்ணுதான்.

வக்கீல் நோட்டீஸும் தீர்ப்பாயமும்

முதல்ல வண்டி நம்பரை வச்சு ஓனர் பேர், விலாசம் வாங்கணும். இழப்பீடு கேட்கிறவர் உரிய கட்டணம் கட்டிக் கேட்டா, போலீஸும் ஆர்.டி.ஓ. ஆபீஸும் அந்த விவரத்தைத் தரணும்னு சட்டத்துலயே இருக்கு. அப்புறம் டிரைவர், ஓனர் ரெண்டு பேருக்கும் வக்கீல் நோட்டீஸ். பல கேஸ் இதுலயே பேச்சுவார்த்தைக்கு வந்துடும்.

வரலையா? மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். உயிர்ச்சேதம், காயம் இருந்தாத்தான் அங்கே போகலாம்னு ஒரு நினைப்பு இருக்கு. 165-வது பிரிவு, மூன்றாம் நபரோட சொத்துச் சேதத்தையும் சேர்த்தே சொல்லுது. சேதம் 2,000 ரூபாய்க்கு மேலன்னா, சிவில் கோர்ட்டுக்குப் போறதா இங்கேயான்னு நீங்களே முடிவு பண்ணலாம்.

நம்ம மாவட்டத்துக்குன்னே எழுதின மாதிரி ஒரு வசதியும் இருக்கு. விபத்து நடந்த ஊர், நீங்க குடியிருக்கிற ஊர், எதிர்த்தரப்பு இருக்கிற ஊர், மூணுல எங்கே வேணும்னாலும் மனு போடலாம். களியக்காவிளை தாண்டி வந்த கே.எல். வண்டி இடிச்சாலும், நீங்க திருவனந்தபுரத்துக்கு அலைய வேண்டாம். நாகர்கோவிலே போதும்.

கவனிக்க வேண்டியது மூணு. ஒண்ணு, மனு போட வேண்டியவர் காரோட ஓனர். ஆர்.சி. அப்பா பேர்ல இருந்தா அப்பாதான் வரணும். அவருக்குத் தெரியாம முடிக்கிற பிளானை மறந்துடுங்க! ரெண்டு, ஆறு மாசத்துக்குள்ள போடணும்னு 2019 திருத்தம் சொல்லுது. 2022 ஏப்ரல் 1 முதல் அது அமல். அந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரைக்கும் வழக்குப் போயிருக்கு. அதை நம்பி நாளைக் கடத்தாதீங்க. மூணு, எஸ்டிமேட் மட்டும் போதாது. வேலை முடிஞ்ச பில், பணம் கட்டின ரசீது, கழட்டிப் போட்ட பழைய பம்பர், கார் இல்லாம ஓடின ஆட்டோ செலவு, எல்லாத்தையும் பத்திரமா வைங்க.

உத்தரவு வந்தும் ஓனர் கட்டலைன்னா? 174-வது பிரிவு. தீர்ப்பாயம் சான்று கொடுக்கும். கலெக்டர் அதை நிலவரி பாக்கி மாதிரி வசூலிக்கணும். வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லையா? கோர்ட்டுல இருக்கிற மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல கேளுங்க. பெண்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவச உதவி உண்டு. லோக் அதாலத்துல சமாதானமா முடிஞ்சா, அது கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம். அப்பீல் கிடையாது.

தம்பி கேஸ் என்னாச்சு?

அந்த நாலு போட்டோவும் காப்பாத்துச்சு. அப்பாவும் மகனுமாப் போய்ப் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். வாங்கினாங்க. ஓனர் விலாசம் மார்த்தாண்டம் பக்கம். நோட்டீஸ் போன நாலாம் நாள் ஒருத்தர் பதறிட்டு வந்தார். "சார், நான் அந்த வேனை வித்து ரெண்டு வருஷம் ஆச்சு! ஃபார்ம் 29, 30 எல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேனே!" வாங்கினவர் பேர் மாத்தவே இல்லை.

சட்டம் இங்கே ரொம்பக் கறார். நவீன் குமார் - விஜய் குமார் வழக்குல, 2018 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் சொன்னது இது: கை மாறி, கை மாறிப் போனாலும், ஆர்.டி.ஓ. பதிவுல யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர், அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு. அந்த வழக்குல கார் விற்கப்பட்டது 2007-ல, விபத்து நடந்தது 2009-ல. ஆனாலும் முதல்ல வித்தவர் தப்பிக்க முடியல.

இதை வக்கீல் எடுத்துச் சொன்னதும், வித்தவரே வாங்கினவரைத் தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டார். ரெண்டாயிரம் போக மிச்சம் 26,400 ரூபாய். மூணு தவணை. தேதி, வண்டி நம்பர், தொகை எல்லாம் எழுதி, சாட்சிக் கையெழுத்தோட ஒப்பந்தம். "முழுப் பணமும் வந்துடுச்சு, இனி பாத்தியதை இல்லை"ங்கிற கையெழுத்தை அப்பா கடைசித் தவணை வந்த பிறகுதான் போட்டார். மொத்தம் நாலு மாசம். அதுக்குள்ள ஃபீஸ் கட்ட வேண்டிய நாள் வந்துடுச்சு. அம்மாவோட வளையல் அடகுக்குப் போய், பிறகுதான் திரும்பி வந்துச்சு.

கடைசியா, உங்க வண்டி?

கதை இங்கே முடியல. அந்த ஆப்ல வேன் நம்பரைத் தட்டின தம்பி, சும்மா தன்னோட பைக் நம்பரையும் தட்டிப் பார்த்தான். அதுக்கும் இன்ஷூரன்ஸ் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆகியிருந்துச்சு!

கோவை எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-ல போட்ட பொதுநல வழக்குல, 2018 ஜூலையில உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. அதனால 2018 செப்டம்பர் 1 முதல் புது காருக்கு 3 வருஷம், புது பைக்குக்கு 5 வருஷம் தேர்ட் பார்ட்டி சேர்த்தே வருது. நல்லதுதான். ஆனா அஞ்சு வருஷம் மறந்து பழகினவன், ஆறாவது வருஷமும் மறந்துடுறான். 2020-ல வாங்கின பைக்குக்கு 2025-லேயே முடிஞ்சாச்சு. அந்த பைக்கை இரவல் வாங்கி ஒரு காரை உரசினா, ஓட்டின நீங்களும் ஆர்.சி.-யில பேர் இருக்கிற உங்க ஃப்ரெண்டோட அப்பாவும் கைக்காசைப் போட்டு அழணும்.

75-லிருந்து 150 சி.சி. வரைக்கும் உள்ள பைக்குக்கு, 2022-ல மத்திய அரசு நிர்ணயிச்ச ஒரு வருஷத் தேர்ட் பார்ட்டி பிரீமியம் 714 ரூபாய், வரி தனி. அது இருந்தா, நீங்க அடுத்தவங்க சொத்துக்குப் பண்ற சேதத்துல வழக்கமா ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் கம்பெனி பார்த்துக்கும். தம்பி அன்னைக்கு ராத்திரியே கட்டிட்டான். இதைப் படிச்சு முடிச்ச கையோட, நீங்களும் உங்க நம்பரைத் தட்டிப் பாருங்க. பழைய வண்டியை வித்திருந்தா, ஆர்.சி. பேர் மாறிடுச்சான்னும் பாருங்க.

அடுத்த வாரம் இன்னொரு மேட்டரோட சந்திப்போம். அதுவரைக்கும் பைய ஓட்டுங்க மக்கா!