வேதபாடத்தில் வரலாறு நுழையட்டும்

வேதபாட வகுப்பில் வரலாற்றையும் மொழிப் பயிற்சியையும் கலந்தால் பிள்ளைகளின் விசுவாசம் நீர்த்துப்போகும் என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

2 இராஜாக்கள் 18, 19-ஆம் அதிகாரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 701-இல் அசீரிய மன்னன் சனகெரிப் யூதாவின் மீது படையெடுத்த வரலாறு அது. அதே போரை அவனும் ஆறு பட்டைகள் கொண்ட சுட்ட களிமண் பட்டயத்தில் எழுதிவைத்தான். அதன் ஒரு படி லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. யூதாவின் ராஜா எசேக்கியா கட்டிய கப்பத்தில் பொன் 30 தாலந்து என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன. வெள்ளியில்தான் பேதம்: வேதாகமம் 300 என்கிறது, சனகெரிப் 800 என்கிறான். எருசலேமை வளைத்துக்கொண்டதாகப் பெருமை பேசும் அவன், அதைப் பிடித்ததாகச் சொல்லவில்லை. ஏன் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தானாகவே கேட்கும். அந்தக் கேள்விக்கு விசுவாசம் எதற்குப் பயப்பட வேண்டும்?

மொழிப்பாடமும் அங்கேயே இருக்கிறது. எருசலேம் மதிலின் மேல் நிற்கும் சனங்களுக்கும் கேட்க வேண்டுமென்றே சனகெரிப் அனுப்பிய ரப்சாக்கே யூதர்களின் மொழியில் பேசுகிறான். அரமேயத்தில் பேசும்படி எசேக்கியாவின் அதிகாரிகள் கேட்டும் அவன் விடவில்லை. மிரட்டல், ஆசைகாட்டல், ஏளனம் எல்லாம் அந்தப் பேச்சில் உண்டு. அவற்றைப் பிரித்துப் பார்க்கப் பழகிய பிள்ளை, நாளை மேடைப் பேச்சுகளை எளிதில் நம்பி ஏமாறாது.

மனப்பாட வசனங்களும் இருக்கட்டும். வாழ்நாள் முழுக்கத் துணைநிற்பவை அவை. ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஆசிரியர்களே, இந்த இரண்டு அதிகாரங்களையும் அந்தப் பட்டயத்தின் வாசகத்தையும் பிள்ளைகள் கையில் சேர்த்துக் கொடுங்கள்.