செம்புக் கம்பிப் பூச்சி

தூண்டில் முள்ளில் ஒரு மண்புழுவைக் கோத்தால் மீன் அகப்படும் என்பது நம் ஊர்க் குளக்கரையில் உட்கார்ந்திருக்கும் எந்தச் சிறுவனுக்கும் தெரியும். ஆனால் இங்கிலாந்தில், ஹாம்ப்ஷயர் ஜில்லாவின் கனவான்களிடம் போய் இதைச் சொல்லக் கூடாது. அங்கே டெஸ்ட், இட்சென் என்று இரண்டு ஆறுகள் சுண்ணாம்புப் பாறையில் ஊறிப் பளிங்கு போல் ஓடுகின்றன. அவற்றில் வாழும் டிரௌட் மீனைப் பிடிக்க, முள்ளின்மேல் இறகும் பட்டு நூலும் சுற்றிச் செய்த பொய்ப் பூச்சியையே உபயோகிக்க வேண்டும். பிரெடெரிக் ஹால்ஃபோர்டு என்பவர் 1880-களில் இதற்கு ஒரு சாஸ்திரமே வகுத்துவிட்டார். பூச்சி நீரின்மேல் மிதக்க வேண்டும். மீன் மேலே எழும்பி இரை எடுப்பதைக் கண்ட பிறகே அதை எறிய வேண்டும்.

மீனுக்கு இந்தச் சாஸ்திரம் தெரியாது. ஆற்றுப் பூச்சி சிறகு முளைத்து வெளியே பறப்பதெல்லாம் ஓரிரு நாள்தான். அதற்கு முன் பல மாதங்கள் அது நீருக்கடியில் இளம்பூச்சியாகக் கிடக்கிறது. டிரௌட் தன் ஆகாரத்தில் பெரும் பகுதியை அங்கேதான் தேடிக் கொள்கிறது.

இதை விடாப்பிடியாக ஆராய்ந்தவர் ஜி. இ. எம். ஸ்க்யூஸ் என்ற லண்டன் வக்கீல். எலும்பிலிருந்து மஜ்ஜை எடுக்கும் நீண்ட கரண்டியால், பிடித்த மீனின் வயிற்றில் இருப்பதை எடுத்து, வெள்ளைப் பிங்கானில் நீர் விட்டுக் கலக்கிப் பார்ப்பார். (சைவ நேயர்கள் மன்னிக்க வேண்டும்.) அதில் மிதந்த ஜந்துக்களின் நிறத்தையும் பருமனையும் பார்த்து, அவற்றைப் போலவே சிறிய உருவங்களை முள்ளில் கட்டி நீருக்குள் செலுத்தினார். 1910-இல் இதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார்.

ஹால்ஃபோர்டின் பக்தர்களுக்குப் பொறுக்கவில்லை. 1938-இல் லண்டன் பிளைஃபிஷர்ஸ் கிளப்பில் இது நியாயமான முறைதானா என்று வாதப் பிரதிவாதம் நடந்தது. ஸ்க்யூஸுக்கு அப்போது எண்பது வயது நெருங்கிக் கொண்டிருந்தது. இட்சென் நதியில் அரை நூற்றாண்டுக்கு மேல் தாம் தூண்டில் போட்டு வந்த துறையை அவர் அந்த ஆண்டோடு விட்டுச் சென்றார். தாம் கண்டதை மறுக்க மட்டும் அவர் சம்மதிக்கவில்லை.

பொய்ப் பூச்சி கட்டுவோர் இறகுகளுக்காக உலகத்தையே சுற்றியவர்கள். நம் மேற்கு மலைகளில் வாழும் சாம்பல் காட்டுச் சேவலின் கழுத்திறகுகூட, மெழுகுத் துளி போன்ற அதன் புள்ளிகளுக்காகக் கப்பலேறியது. அந்தப் பறவை இப்போது சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது.

இவ்வளவு ஆடம்பரமும் வேண்டாம் என்று காட்டியவர், வில்ட்ஷயரில் ஏவன் நதிக்குக் காவல்காரராயிருந்த பிராங்க் சாயர். ஃபெஸன்ட் சேவலின் வாலிறகிலிருந்து நாலு இழை, மயிரிழை போன்ற செம்புக் கம்பி, ஒரு முள், இவ்வளவுதான் அவருடைய முதல். கம்பியை முள்ளின்மேல் நெருக்கமாகச் சுற்றி, தோள் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் சற்றுப் பருமனாக்குவார். இழைகளின் நுனி வாலாக நீட்டிக் கொண்டிருக்கும்படி பின்புறத்தில் கட்டி, மிச்சத்தைக் கம்பியோடு சேர்த்து முன்னே சுற்றி வருவார். பிறகு இழைகளைத் தோளின்மேல் பின்னும் முன்னுமாக மடித்துக் கட்டினால், விரியக் காத்திருக்கும் சிறகின் உறை தயார். நூலே கிடையாது. செம்பே நூல், முள்ளை அமிழ்த்தும் பாரமும் செம்பே, இழைகளினூடே மின்னும் செந்நிறமும் செம்பினுடையதே.

"கால்கள் எங்கே?" என்று கேட்கலாம். சாயர் கால் வைக்கவில்லை. இளம்பூச்சி நீந்தும்போது கால்களை உடலோடு ஒடுக்கிக் கொள்வதை அவர் ஆற்றில் பார்த்திருந்தார். மேசைமேல் வைத்துப் பார்த்தால் அது பூச்சியாகவே தோன்றாது; ஏதோ துருப்பிடித்த சிறு முள்ளென்று குப்பையில் போட்டுவிடுவோம்.

சாயரை எழுதும்படி ஊக்கியவர்களில் ஸ்க்யூஸும் ஒருவர். இந்த இளம்பூச்சிகளைப் பற்றிச் சாயர் எழுதிய புத்தகம் 1958-இல் வெளிவந்தது. ஸ்க்யூஸ் 1949-லேயே காலமாகிவிட்டார்.