எண்ணெய்க் குடமும் வங்கிக் கடனும்



மும்பை தாராவியில் விடியுமுன்னே இட்லிப் பாத்திரத்தைச் சுமந்து புறப்படும் நம் ஜனங்களில் அநேகர் தண்டல் பணத்தில் தொழில் நடத்துகிறார்கள். 15,000 ரூபாய் கேட்டால், 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 13,500 ரூபாயே கையில் தருவார்கள். நாளொன்றுக்கு 150 ரூபாய் வீதம் நூறு நாளில் முழுத்தொகையையும் கட்டவேண்டும். மழையில் வியாபாரம் நின்றாலும் தண்டல்காரர் வருவது நிற்காது.

2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்து விதவையின் வாசலிலும் கடன்காரன் நின்றான்; அவள் இரண்டு குமாரரையும் அடிமைகளாகக் கேட்டான். தேவன் அவளுடைய ஒரு குடம் எண்ணெயைப் பெருகப்பண்ணினார். ஆனாலும் அதை விற்கும் வேலையும், கடனைத் தீர்க்கும் கடமையும் அவளுடையவையாகவே இருந்தன. மீந்ததே அவள் குடும்பத்திற்கு ஜீவனமாயிற்று.

இன்று தெருவோர வியாபாரிகளுக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. மத்திய அரசு 2020 ஜூனில் தொடங்கிய பி.எம். ஸ்வநிதி திட்டம், 2025-இல் திருத்தப்பட்டு, 2030 மார்ச் 31 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. ஈடு எதுவுமின்றி முதலில் 15,000 ரூபாய் வரை வங்கிக் கடன் கிடைக்கும். அதை அடைத்தபின் 25,000, அதன்பின் 50,000 ரூபாய் வரை பெறலாம். தவறாமல் கட்டுவோருக்கு 7 சதவீத வட்டி மானியம் வங்கிக் கணக்கில் சேரும். வங்கி வட்டி 12 சதவீதம் எனக் கொண்டால், 15,000 ரூபாயை 12 மாதத் தவணைகளில் அடைக்க ஏறக்குறைய 1,000 ரூபாய்தான் வட்டி; மானியத்தால் அதுவும் குறையும். தண்டலிலோ நூறு நாளுக்கே 1,500 ரூபாய்!

ஆதாரும், மாநகராட்சி தரும் வியாபாரச் சான்றிதழ் அல்லது அடையாள அட்டையும் வேண்டும். அவை இல்லாதவர் பரிந்துரைக் கடிதம் கேட்டு மாநகராட்சியில் விண்ணப்பிக்கலாம்.

பாஷை தெரியாத பயத்தினாலேயே பலர் வங்கிப் படி ஏறுவதில்லை. சபையின் படித்த வாலிபரே, இந்த மாதத்தில் ஒரு தாயாருடனாவது துணையாகச் செல்லுங்கள். அதுவும் ஊழியமே.

கடன் பெறுவோருக்கு ஒரு வார்த்தை: வியாபாரத்திற்கு வாங்கியதைக் கல்யாணத்திற்குச் செலவிடாதிருங்கள். அரசாங்கப் பணந்தானே என்று கட்டாமல் விடுவது விசுவாசிக்கு அடுத்ததல்ல. அடுத்த கடனுக்கான வாசலும் அதனால் அடைபடும். விற்று, கடனைத் தீர்த்து, மீந்ததில் பிழைப்பதே அந்த விதவை நடந்த வழி.

கர்த்தர் உங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.